என் அழுகையை நடித்துக் காட்டியவர்

சென்ற மாதம் ஒரு காலையில், கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சமயநல்லூரிலிருந்து ஒருவர் வந்தார். படியேறாமல் வாசலிலேயே நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"சோலைமலை மாமா தவறிட்டாக. சாயங்காலம் எடுக்குறாக. உங்ககிட்ட மொதல்ல சொல்லச் சொன்னாக" என்றார்.

"எந்தச் சோலைமலை?" என்று கேட்டேன்.

வந்தவர் முகம் மாறிவிட்டது. "என்னய்யா இப்பிடிக் கேக்குறீக? உங்க பக்கத்துல உக்காந்து இம்புட்டு வருசம் சேலை வித்தாகளே, அவுகதான்."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"வாய மூடி நாடிக்கட்டுக் கட்டுனதே நான்தான்யா!"

அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. அந்த இரண்டு கேள்விகளையும் நான் ஏன் கேட்டேன் என்பது எங்கள் கடை வீதியில் தேங்காய் விற்பவர் முதல் குதிரை வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஜவுளிக்கடைச் சிப்பந்திகள் கூடி அவருக்கு அனுதாபக் கூட்டம் நடத்தினார்கள். நானும் போய் உட்கார்ந்திருந்தேன். பேசியவர்கள் அத்தனை பேரும் "சிரித்த முகம்", "தங்கமான மனசு" என்று மாறி மாறிச் சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் செயலாளர் என்னிடம் வந்து, "நீங்கதாண்ணே அவுக பக்கத்துலயே இருந்தவுக. அச்சுல போடுறதுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க, நல்லபடியா" என்றார். எழுதுகிறேன் என்றேன். நல்லபடியா என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை. மரியாதைக்காக "அவர்" என்று எழுதுகிறேன். அது தமிழுக்குச் செய்யும் மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கடையில் சேர்ந்தபோது சோலைமலை ஏற்கெனவே அங்கே பழைய ஆள். யுத்தத்துக்கெல்லாம் முந்தின காலம். மேற்கேயிருந்து குடியானவர்கள் வண்டி கட்டிக்கொண்டு கல்யாண ஜவுளி எடுக்க வருவார்கள். மெத்தை விரித்து, மேலே வெள்ளைத் துப்பட்டி போட்டு, நாங்கள் சம்மணம் கூட்டி உட்கார்ந்திருப்போம். அவர் இடத்துக்கும் என் இடத்துக்கும் நடுவே ஒரு கல் தூண். ஒரு குடும்பம் ஒரு சேலை எடுப்பதற்குள் நாற்பது சேலை விரித்துவிடுவார்கள். அவர்கள் போன பிறகு விரித்ததையெல்லாம் மடிக்க வேண்டும். சேலை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு முனையை அவர் பிடிப்பார், மறு முனையை நான் பிடிப்பேன். உதறி, இழுத்து, ஒருவர் நடந்துவந்து மற்றவர் கையில் முனையைச் சேர்க்க வேண்டும். நாள் முழுக்க இப்படி எதிரும் புதிருமாக நின்றிருக்கிறோம்.

எல்லோரையும் அவர் "மாப்ள" என்றுதான் கூப்பிடுவார். முறை, வயசு எதுவும் பார்க்க மாட்டார். யாராவது ஏதாவது தப்புச் செய்துவிட்டால் அவர் கண்ணில் படாமல் போகாது. கப்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் ஜவுளி எடுத்த சந்தோஷத்தில் முதலாளியின் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பாதி வீதி போனவரைச் சோலைமலை ஓடிப்போய்ப் பிடித்தார். "மாப்ள, ஜவுளிக்கு மேல செருப்பு தர்ற வழக்கம் நம்ம கடையில இல்ல. வேணும்னா முதலாளியவே கூட்டிட்டுப் போயிருங்க" என்று சொல்லித் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பெரியவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் எங்கள் கடைக்குத்தான் வந்தார்கள்.

முதலாளியையும் அவர் விட்டதில்லை. காலையில் முதலாளி கற்பூரத் தட்டை எடுத்துச் சுவரிலுள்ள சாமி படங்களுக்கெல்லாம் காட்டுவார். ஒரு நாள் ஏதோ யோசனையில், பக்கத்தில் தொங்கிய மில் காலண்டரில் கையில் சேலையை விரித்துப் பிடித்து நின்ற பொம்பளைக்கும் சேர்த்துக் காட்டிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சோலைமலை மட்டும், "முதலாளி, அந்தம்மா கையில இருக்கிறது துணி. வரம் குடுக்கிற அம்மா அடுத்த படத்துல இருக்காக" என்றார். முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வேறு எவன் சொல்லியிருந்தாலும் அன்றே சீட்டுக் கிழிந்திருக்கும்.

"சிரிச்சா தப்பு அன்னைக்கே போயிரும் மாப்ள. மறைச்சா வருசம் பூராம் கெடந்து நாறும்" என்பார். அனுதாபக் கூட்டத்தில் இதை ஒருவர் எடுத்துச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. என் தப்பு அன்றைக்கே போகவில்லை.

அது நடந்தது இப்படி. ஒரு தடவை அவர் கடலை பிடுங்குவதற்காகச் சில நாள் லீவில் இருந்தார். சனிக்கிழமை காலையில் சமயநல்லூர் வண்டிக்காரர் ஒருவர் கடை வாசலில் வண்டியை நிறுத்தாமலே, "நம்ம சோலைமலை போயிட்டாருய்யா, விடியக்காலம்" என்று கத்திச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஊரில் மாட்டுத் தரகர் சோலைமலை என்று இன்னொருவர் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த சோலைமலை ஒருவர்தான். துணி அளக்கப் பிடித்திருந்த கஜக்கோல் கீழே விழுந்தது.

இறந்தவருக்குப் போர்த்தக் கோடித் துணி கொண்டுபோவது எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர்களின் உரிமை. எனக்கு அந்த உரிமை கிடையாது. ஆனாலும் முதலாளியிடம் கேட்டு, நனையாத புது வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டேன். பூக்கடையில் பெரிய மாலையாக ஒன்று வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் ஏறியதிலிருந்து அழுகைதான். பக்கத்தில் இருந்தவர் யார் எவர் என்று தெரியாது, தன் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

சமயநல்லூரில் இறங்கித் தெருவுக்குள் நுழைந்தால் மேளமும் இல்லை, பந்தலும் இல்லை. இப்போது யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். நான் யோசிக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மனுஷனுக்கு ஒரு மேளம்கூட வைக்க நாதியில்லையா, இவ்வளவு பேரைச் சிரிக்க வைத்தவருக்கு அழ ஒரு ஆள் இல்லையா என்று நினைத்ததும் துக்கம் இரண்டு மடங்காகிவிட்டது. தெரு முனையிலிருந்தே வாய்விட்டு அழத் தொடங்கினேன்.

"அண்ணே! என்னிய இப்பிடி விட்டுட்டுப் போயிட்டீங்களே! இனி நான் யாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காருவேன்!"

கதவு திறந்தது. தலையிலிருந்து பாதம் வரை நல்லெண்ணெய் வடிய, கோவணத்தோடு, கையில் சீயக்காய்க் கிண்ணத்தோடு சோலைமலை வெளியே வந்தார்.

"எங்கிட்டு மாப்ள போனேன்? கொல்லையிலதான இருந்தேன்?"

நான் மாலையோடு நின்றேன். அவர் மாலையைப் பார்த்தார், கோடித் துணியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தெருவிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் கேட்டு அவர் மனைவி ராக்கம்மாள் விளக்குமாற்றோடு ஓடிவந்தார். "உசுரோட இருக்கிற மனுசனுக்குக் கோடி கொண்டாந்திருக்கியே, நீ வெளங்குவியா?" என்று என்மேல் பாய்ந்தார்.

"ஏத்தா, சும்மா இரு. பஸ்ஸு ஏறி அழுதுக்கிட்டு வந்திருக்கான். சோத்தப் போடு" என்று சோலைமலை தடுத்தார்.

பிறகு மாலையை என் கையிலிருந்து பிடுங்கி, எண்ணெய்க் கழுத்தில் போட்டுக்கொண்டு, தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு நடை நடந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "நான் செத்துட்டேன், விசாரிக்க வரலையா?" என்று கேட்டார். ஊரே கூடிச் சிரித்தது. அவர் வீட்டில்தான் அன்று சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால், சாப்பிடும்போது எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. உயிரோடு இருக்கிறாரே என்ற நிம்மதி. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

லீவு முடிந்து அவர் கடைக்கு வந்த நாளில், நான் கொண்டுபோன அதே வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். கடை வாசலில் நின்று, கையில் இல்லாத மாலையை ஏந்திக்கொண்டு, என் நடையை நடந்து, என் குரலில் அழுது காட்டினார். குரல் எங்கே உடைந்ததோ அங்கே உடைத்தார். எங்கே மூச்சு முட்டியதோ அங்கே முட்டினார். ஒன்றையும் விடவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தார்கள். மறுநாள் இன்னொரு கூட்டம் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டினார். அப்பா அம்மா எனக்கு வைத்த பெயர் வீரணன். அந்த வாரத்திலிருந்து நான் மாலைக்காரர். இன்றும் கடை வீதியில் வீரணன் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது.

இதில் என்ன கோபம் என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கு எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். வீடு தேடி மாலையோடு போனது தப்பு. அதைப் பார்த்து அவர் சிரித்துக்கொள்ளட்டும், அது அவருக்கு உள்ள உரிமை. ஆனால் அழுதது தப்பில்லை. என் அப்பா இறந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. அந்த அழுகை முழுக்க முழுக்க உண்மை. அதை எடுத்துக்கொண்டு போய் வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களுக்கு வேடிக்கை காட்ட அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

ஒரு நாள் சேலை மடிக்கும்போது தனியாகச் சொன்னேன். "அண்ணே, மாலையச் சொல்லுங்க, கோடியச் சொல்லுங்க. அந்த அழுகைய மட்டும் விட்டுருங்கண்ணே."

"சரி மாப்ள, விட்டாச்சு" என்றார்.

விடவில்லை. என் மகளைப் பெண் பார்க்கத் திருமங்கலத்திலிருந்து வந்தார்கள். அவரையும் கூப்பிட்டிருந்தேன், கூப்பிடாமல் எப்படி இருப்பது? மாப்பிள்ளையின் அப்பா விறைப்பான மனுஷர். பணியாரத்தை எடுத்து வாயில் வைத்துக்கொண்டே, "உங்க ரெண்டு பேருக்கும் எம்புட்டு நாள் பழக்கம்?" என்று கேட்டார். சோலைமலை எழுந்து நின்றார். எழுந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைக் காட்டினேன். கையைப் பிடித்து இழுத்தேன்.

"பழக்கமா? நான் செத்ததுக்கு அழுத ஆளுய்யா இவரு!" என்று தொடங்கி, என் வீட்டு நடுக்கூடத்தில், என் மகளைப் பார்க்க வந்தவர்கள் முன்னால், ஒரு சொட்டு விடாமல் அழுது காட்டினார்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அடுக்களையில் என் மனைவி சிரித்தாள். அலங்காரம் செய்து உட்கார வைத்திருந்த என் மகளும் சிரித்தாள். அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டோம். கல்யாணம் கூடியதற்கே அவர்தான் காரணம் என்று என் சொந்தக்காரர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். என் சம்பந்தி இப்போதும் என்னை "மாலைக்காரச் சம்பந்தி" என்றுதான் கூப்பிடுகிறார்.

எல்லோரும் போன பிறகு வாசலில் வைத்து அவரிடம் சொன்னேன். "இனிமே உங்களுக்கும் எனக்கும் பேச்சு இல்ல. அன்னைக்கு நான் அழுதது நெசம்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. சொன்ன அன்னைக்குப் பேசுறேன். அதுவரைக்கும் நானா வந்து பேச மாட்டேன்."

"அடப் போ மாப்ள. நாளைக்குக் கடையில பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் கடையில் பார்த்தோம். அதற்குப் பிறகு பல வருஷம் பார்த்தோம். யுத்தம் வந்து, துணிக்குக் கன்ட்ரோல் வந்து, வாசலில் போலீஸ் நிறுத்தி வரிசையாக ஆளை விட்டு, பிறகு யுத்தமும் முடிந்தது. எங்களுக்குள் பேச்சு இல்லை. ஆனால் ஒரே மெத்தையில் வியாபாரம் செய்கிறவர்கள் பேசாமல் எப்படி வேலை பார்ப்பது? தூணிடம் பேசினோம். முதலில் ஆரம்பித்தது அவர்தான். "ஏ தூணு, அந்தப் பச்சைக் கரை கண்டாங்கிய எடுத்துக் குடுக்கச் சொல்லு" என்பார். நான் எடுத்துத் தூணின் அடியில் வைப்பேன். "தூணே, முதலாளி கூப்பிடுறாக" என்று நான் சொன்னால் அவர் எழுந்து போவார். புதிதாக வந்த வாடிக்கைக்காரர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். சேலை மடிக்கும்போது மட்டும் தூண் உதவாது. எதிரெதிரே நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், முனையோடு முனை சேர்த்திருக்கிறோம்.

அவர் செய்த நல்லதையெல்லாம் எழுதுங்கள் என்றார் செயலாளர். எழுதுகிறேன். கடலைப் பருவத்தில் வீட்டிலிருந்து அவித்த கடலை கொண்டுவந்து தூணின் அடியில் குவித்து, "தூணே, தின்னு" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட வெளியே போவார். அவர் தலை மறைந்ததும் நான் தின்பேன். திரும்பி வந்து தோலைப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். ஒருவன் தின்ற கடலைத் தோலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்காருவது எவ்வளவு பெரிய திமிர் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று இருக்கிறது. எனக்குக் கண் மங்கத் தொடங்கியது. பகலிலேயே கடைக்குள் வெளிச்சம் குறைவு. கறுப்புக்கும் கருநீலத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாமல் போயிற்று. கல்யாணப் பெண்ணுக்குக் கருநீலச் சேலை கேட்கிறவர்களிடம் கறுப்பை எடுத்துப் போட்டால் என்ன ஆகும்? கல்யாண வீட்டார் சேலையை என் முகத்திலேயே எறிவார்கள். ஜவுளிக்கடையில் நிறம் தெரியாதவனுக்கு என்ன வேலை? நான் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. ஒரு நாள் கருநீலம் என்று நினைத்து ஒரு சேலையின் மேல் கை வைத்தேன். பெண் வீட்டுக் கூட்டம் முன்னால் உட்கார்ந்திருந்தது. என் முழங்காலில் ஏதோ இடித்தது. சோலைமலை கஜக்கோலால் வேறொரு சேலையை என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். "தூணே, இன்னைக்கு வெயிலு சரியில்ல, நீலம் இந்தாருக்கு" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த நாளிலிருந்து நான் வருவதற்கு முன்பே என் அடுக்கில் கறுப்பெல்லாம் இடது பக்கமும் நீலமெல்லாம் வலது பக்கமும் இருந்தன. யார் அடுக்கியது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேசியதாகிவிடும். இதில் எனக்கு எரிச்சல் மூட்டியது எது தெரியுமா? ஊரில் எவன் தும்மினாலும் நடித்துக் காட்டுகிற மனுஷர், இந்த ஒன்றைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. என் வேலையே போகக்கூடிய தப்பு எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. எதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று இவ்வளவு நன்றாகத் தெரிந்தவருக்கு என் அழுகையைப் பற்றி மட்டும் ஏன் தெரியவில்லை? தெரிந்தும் செய்தார் என்றுதானே அர்த்தம்?

கடைசி வருஷங்களில் அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. சேலை மடிக்கும்போது அவர் நின்ற இடத்தில் நிற்க, நடக்கிற நடையெல்லாம் நானே நடந்தேன். வேலை முடிய வேண்டுமே என்று நடந்தேன். அதற்குமேல் யாரும் எதுவும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்து, கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். முதலாளியே இரண்டு தடவை சொன்னார், போய்ப் பார்த்துவிட்டு வாருமய்யா என்று. அவர் சொல்ல வேண்டிய வார்த்தை பாக்கி இருக்கிறது, சொல்லி அனுப்பட்டும், போகிறேன் என்றேன். ஒரு நாள் அவர் ஊர்க்காரர் ஒருவர் வேட்டி எடுக்க வந்தார். போகும்போது தயங்கி நின்று, "சோலைமலை அண்ணன் ஒண்ணு கேட்டு வரச் சொன்னாரு. தூணு சொகமான்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார்.

எனக்கு விளங்கியது. இருந்தாலும் இது நான் கேட்ட வார்த்தை இல்லை. "தூணு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினேன். வேறு ஏதாவது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது சாவுச் செய்திதான்.

போனேன். மாலையும் கோடித் துணியும் கொண்டுதான் போனேன். வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. இந்தத் தடவை தெருவில் மேளம் இருந்தது, பந்தல் இருந்தது, கூட்டம் இருந்தது. நான் முனை திரும்பியதும் அத்தனை பேரும் என் கையைத்தான் பார்த்தார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் எழுந்து, "வாங்க மாலைக்காரரே, இன்னைக்கு வீடு சரிதான்" என்றார். ஒருவர் துண்டால் வாயைப் பொத்தினார். இன்னொருவருக்குப் பொத்த முடியவில்லை. அவ்வளவுதான், பந்தல் முழுக்கச் சிரிப்பு. மேளக்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். ராக்கம்மாள் தலையிலடித்துக்கொண்டு அழுதபடியே சிரித்தார். சாவு வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் நடுவில் மூக்கில் பஞ்சோடு அவர் மட்டும் சும்மா கிடந்தார்.

வழிவிட்டார்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள். அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகளுக்குக்கூட என் அழுகை எப்படி இருக்கும் என்று தெரியும். அவர் அத்தனை தடவை காட்டியிருக்கிறார். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. அழலாம் என்று வாயைத் திறந்தால், நான் அழுவது போலவே இல்லை, அவர் என்னைப் போல அழுது காட்டுவது போல இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். சொந்தச் சாவுக்கு அழவிடாமல் செய்துவிட்டுப் போனவரை என்னவென்று சொல்வது?

மாலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது ராக்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னியப் பத்திப் பேசாத நாளில்ல. 'ராக்கு, எம்புட்டுப் பேரு செத்திருக்கான், எவனாவது தனக்கு விழுற நெச அழுகையக் காதால கேட்டிருக்கானா? நான் கேட்டவன்டி'ன்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவாக" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பிணத்தின் முன்னால் நிற்கிறோம் என்பதுகூட மறந்துவிட்டது. "அத உங்ககிட்டச் சொல்லி என்ன செய்ய? என்கிட்டல்ல சொல்லணும்?" என்று சத்தம் போட்டேன்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சிருப்பாகப்பா."

"தெரியாது. எனக்குச் சொன்னாத்தான் தெரியும்" என்று கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதோடு முடித்திருப்பேன். சென்ற வாரம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஒரு கல்யாண வீட்டார் முகூர்த்தச் சேலை எடுத்தார்கள். மடித்து, காகிதம் சுற்றி, சணல் கட்டி, கும்பிட்டு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் திரும்பி வந்து பொட்டலத்தைப் பிரித்தார். சேலை மடிப்புக்கு நடுவே என் தோள் துண்டு இருந்தது. காலையிலிருந்து முகம் துடைத்த துண்டு. அதை முகூர்த்தச் சேலையோடு வைத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

கடையில் இருந்த இளம் சிப்பந்திகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் ஓடிவந்து, "பரவாயில்ல பெரியப்பா, வயசானா இப்பிடித்தான், நீங்க செத்த உக்காருங்க" என்று பதமாகச் சொன்னான். இன்னொருவன் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அந்த அம்மாள்கூட, "அதனால என்னங்கய்யா" என்றார். ஒருவர் உதட்டிலும் சிரிப்பு இல்லை. எல்லோரும் அவ்வளவு அன்பாக இருந்தார்கள். உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு. முகூர்த்தச் சேலைக்குள் அழுக்குத் துண்டை வைத்துக் கட்டியதற்குச் சிரிக்காமல் இந்த உலகத்தில் வேறு எதற்குச் சிரிப்பார்கள்?

அவர் உட்காருகிற இடத்தைப் பார்த்துத் திரும்பினேன். வெள்ளைத் துப்பட்டி சுருக்கம் இல்லாமல் கிடந்தது.

"சிரிச்சுத் தொலைங்கண்ணே" என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் சொல்லாமல் நான் பேச மாட்டேன் என்று அத்தனை வருஷம் காத்து வந்தேன். கடைசியில் முதலில் பேசியவன் நான்தான். பேசியும் பதில் இல்லை.

அவருடைய சிரித்த முகத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தங்கமான மனசையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவர் எனக்குச் சொல்லாமல் போன ஒரு வார்த்தைக்காக வந்த கோபம் மட்டும் எனக்குப் போதும். அவரை மன்னித்துவிடு என்று தயவுசெய்து என்னிடம் யாரும் வர வேண்டாம். அந்தக் கோபத்தையும் விட்டுவிட்டால் அவர் உண்மையாகவே செத்துப்போவார்.